டிஸ்லெக்சியாவுக்கு ஒரு முகாம் போட்டால் எவ்வளவு ஆகும்?

சென்ற மாதம் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் டிஸ்லெக்சியா பற்றி, அதாவது அறிவில் குறைவில்லாத பிள்ளைக்கும் வாசிப்பும் எழுத்தும் தடுமாறும் குறைபாட்டைப் பற்றி, பேச என்னை அழைத்திருந்தார்கள். கொடி வணக்கம், வரவேற்புரை, அந்த மாதம் பிறந்தநாள் வந்த உறுப்பினர்களுக்குக் கைத்தட்டல், எனக்கு ஒரு பொன்னாடை என்று எல்லாம் முடிந்தபோது என் பேச்சுக்கு 20 நிமிடம் மிஞ்சியது. முடித்ததும் பொருளாளர் எழுந்தார். தேங்காய் வியாபாரி, கணக்கில் நேரானவர். "டீச்சர், நாங்கள் வருடத்துக்கு இரண்டு கண் முகாம் நடத்துகிறோம். அதேபோல இதற்கும் ஒன்று போட்டால் எவ்வளவு ஆகும்? எத்தனை பிள்ளைகளுக்குச் சரியாகும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாடு தயார் என்று சமையல்காரர் வந்து நின்றார். பந்தியில் உட்கார்ந்த பிறகு யாருக்கும் கேள்வி நினைவில் இல்லை. எனக்கு இருந்தது. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முகாம் போடலாம். ஆனால் அதனால் மட்டும் ஒரு பிள்ளைக்குக்கூட வாசிப்பு வராது. கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்புரைக்கு அறுவை உண்டு, கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி உண்டு. கையில் கொடுத்து அனுப்பலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். டிஸ்லெக்சியாவில் கையில் கொடுக்க ஒரு பொருளும் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஒருவரின் அரை மணி நேரம், வாரத்துக்கு 4 நாள், என் அனுபவத்தில் பெரும்பாலும் 2 வருடம். தையல் இயந்திரமும் மூன்று சக்கர வண்டியும் வாங்கிக் கொடுத்துப் பழகிய சங்கங்களுக்கு, நேரத்தை வாங்கிக் கொடுப்பது புதிது.

கேள்வி கண்ணில் தொடங்கியதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை 1887இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ரூடால்ஃப் பெர்லின் ஒரு ஜெர்மன் கண் மருத்துவர். பிறவியிலேயே வரும் 'சொற்குருடு' பற்றி 1917இல் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் ஹின்ஷல்வுட்டும் கிளாஸ்கோவில் கண் மருத்துவராக இருந்தவர்தான். படிக்க வராத பிள்ளையை அந்த நாடுகளிலும் முதலில் கண் டாக்டரிடம்தான் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பார்வையில் பழுதில்லை. கணக்கில் கெட்டி. ஆனால் தன் பெயரையே 'பிரெசி' என்று எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதையும் வாயாலேயே நடத்தினால் பள்ளியில் இவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் குறித்திருக்கிறார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இப்படி ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். நான் யோசிக்கவில்லை, ஸ்கேலை எடுத்தேன்.

கண்ணில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? பேச்சைச் சிறு ஒலிகளாகப் பிரித்துப் பிடிப்பதிலும், அந்த ஒலியை எழுத்தோடு விரைவாகக் கோப்பதிலும் இருக்கிறது. 'வண்டு' என்ற சொல்லில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'ந' போட்டால் என்ன வரும் என்று கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் "நண்டு" என்று கத்துவார்கள். இந்தப் பிள்ளை மேலே பார்க்கும், உதட்டை அசைக்கும், கடைசியில் "பூச்சி" என்று சொல்லும். பொருள் தெரிகிறது, ஒலிதான் பிடிபடுவதில்லை. இதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் சகஜம். பையனைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் இப்படித்தான் டீச்சர், ஐந்தாவதோடு நிறுத்திவிட்டேன்" என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தேன், வந்தவர்களுக்கு நினைவிருக்கும். ப என்று இருந்தால் ம என்று வாசிக்க வேண்டும், ம இருந்தால் க, க இருந்தால் ப. கொம்பு, கால், புள்ளி எதுவும் மாறாது. மூன்றே விதி. முதல் வரி: 'அப்பா மடைம்முக் கோனாள்.' நீங்களும் இப்போது சத்தமாக வாசித்துப் பாருங்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போனார். அடுத்த நாற்காலிக்காரர் சிரித்தார். தன் முறை வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. "யார் கடைக்குப் போனது?" என்று கேட்டேன். பாதிப் பேர் "அப்பா" என்றார்கள். அம்மாதான் போனாள். பத்து வரி இப்படி வாசித்தபின் பத்திக்குக் கீழே இருந்த கேள்விகளுக்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எழுத்தோடு மல்லுக்கட்டியதிலேயே எல்லாம் செலவாகிவிட்டது, பொருளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்தக் களைப்பு மட்டும் இதே களைப்பு. உங்களுக்குப் பத்து நிமிடம், அவனுக்குக் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை.

இனி நம் எல்லைக்கு வருகிறேன். சித்தூர் தாலுக்காவில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம், பல பள்ளிகளில் மலையாளம், ஐந்தாம் வகுப்பில் இந்தி. நான்கு எழுத்துமுறைகள். வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்ப் பக்கத் தமிழும் பாலக்காட்டு மலையாளமும் கலந்த ஒரு பேச்சு. "இத்தனை மொழியைத் திணித்ததால்தான் இவனுக்கு இப்படி ஆகிவிட்டது" என்று ஒரு பேச்சு நம் ஊரில் உண்டு. அது தவறு. பல மொழி டிஸ்லெக்சியாவை உண்டாக்காது. இருப்பதை மொழிக்கு ஒரு விதமாகக் காட்டும், அவ்வளவே. 2001இல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டு டிஸ்லெக்சியா மாணவர்களின் மூளையைப் படம் பிடித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு வந்தது. மூளையில் மந்தமாக இருந்த இடம் மூவருக்கும் ஒன்றுதான். ஆனால் வாசிப்பில் இத்தாலியர்கள் முந்தினார்கள், ஏனென்றால் இத்தாலிய மொழியில் எழுதியபடியே வாசிக்கலாம். தமிழும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் நம் பிள்ளை தமிழைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடுவான், நேரம்தான் பிடிக்கும். ஆங்கிலத்தில் போய் மாட்டிக்கொள்வான். வீட்டில் "இங்கிலீஷ் மட்டும் வரவில்லை" என்று நினைத்து டியூஷனுக்கு அனுப்புவார்கள். தமிழில் அவன் எவ்வளவு மெதுவாக வாசிக்கிறான் என்பதை யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை.

தமிழ் எழுத்திலும் பொறிகள் உண்டு. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால், ஒலி தொடங்குவதோ நடுவில் நிற்கும் க-வில். கண் இடமிருந்து வலம் போகிறது. நாக்கு நடுவில் தொடங்க வேண்டியிருக்கிறது. மலையாளத்திலும் இதே சிக்கல். 247 எழுத்தும் கைக்கு வர நாளாகும். கன்னடப் பிள்ளைகளிடம் ஆய்வாளர் சோனாலி நாக் நடத்திய ஆய்வுகள், எழுத்துத் தொகுதி முழுவதும் பிடிபட முதல் இரண்டு வகுப்பு போதாது, அதற்கு மேலும் ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டின; நம் எழுத்துமுறையும் அதே குடும்பம்தான். ஆகவே முதல் வகுப்புப் பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதற வேண்டாம். ர, ற குழப்பமும், ண, ன குழப்பமும், ழ வர வேண்டிய இடத்தில் ள வருவதும் டிஸ்லெக்சியாவுக்கு அடையாளம் கிடையாது. அப்படிப் பார்த்தால் நம் ஊர்ச் சுவரொட்டி எழுதுகிறவர்கள் எல்லாரையும் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். நான் நோட்டில் தேடுவது வேறு. 'பள்ளிக்கூடம்' ஒரே பக்கத்தில் 'பளிகூடம்', 'பள்ளிகூம்', 'பளிக்டம்' என்று மூன்று விதமாக இருக்கிறதா? முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா? நேற்று படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறதா? வாயால் கேட்டால் மளமளவென்று பதில் சொல்கிறவன், எழுதச் சொன்னால் பென்சில் சீவப் போகிறானா? இவை மூன்றாம் வகுப்பிலும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

ஜூன் 19 அன்று யார் வரவில்லை என்றும் பார்ப்பேன். கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவு நாள், கேரளம் முழுவதும் வாசிப்பு தினம். பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. அசெம்பிளியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். மூன்று வருடம் தொடர்ந்து அதே தேதியில் ஒரு சிறுமிக்கு வயிற்றுவலி வந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

சரி, சங்கம் என்ன செய்யலாம்? கண் முகாமை விடாதீர்கள். அதோடு காது பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்சியா என்று யோசிப்பதற்கு முன் பார்வையும் கேட்கும் திறனும் சரியாக இருக்கின்றனவா என்று தெரிந்தாக வேண்டும். சளி பிடித்துக் காது அடைத்தே கிடக்கும் பிள்ளைகளை மந்தம் என்று ஒதுக்கியிருக்கிறோம். நான் வேண்டாம் என்பது ஒன்றைத்தான். வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து, 200 பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, மாலைக்குள் 30 பேருக்கு டிஸ்லெக்சியா என்று தாள் கொடுத்துவிட்டு வேனில் ஏறிப் போவது. அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் தெருவில் "அவனுக்கு மூளையில் ஏதோ குறையாம்" என்ற பேச்சு ஓடியது. பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வரவில்லை. ஆள் தயாரான பிறகு பெயர் வையுங்கள்.

வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, ஞாபகசக்திப் பொடி என்று விற்க வருகிறவர்களை மேடையேற்றாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் சேர்ந்தே அறிக்கை விட்டார்கள், வண்ணக் கண்ணாடியாலும் கண் பயிற்சியாலும் டிஸ்லெக்சியாவுக்குப் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று. பொடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

முறையான மதிப்பீடு தேவைப்பட்டால் முதலில் பிஆர்சி எனப்படும் வட்டார வள மையம். அங்கே சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே ஷொரணூருக்கு அருகே கவளப்பாறையில் மாநில அரசின் ஐகான்ஸ் நிறுவனம் இருக்கிறது. பேச்சு, மொழி, கற்றல் குறைபாடுகளுக்கென்றே உள்ள இடம். ஆனால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வர ஒரு முழு நாள் ஆகும். கள் இறக்கும் குடும்பத்துக்கும் பால் கறக்கும் குடும்பத்துக்கும் அது ஒரு நாள் கூலி. சங்கத்தின் ஜீப்பை அந்த நாளுக்கு அனுப்பலாம். கூடவே தமிழும் மலையாளமும் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளையை மலையாளத்தில் மட்டும் சோதித்தால் குறை யாருடையது என்றே தெரியாது.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இது அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை; 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' அதில் ஒன்று. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான், 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீடு என்று இருந்தது. தேர்வில் எழுத உதவியாளர், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். வேண்டியவைதான். ஆனால் எஸ்எஸ்எல்சிக்கு மூன்று மாதம் இருக்கும்போது சான்றிதழுக்கு ஓடி வருகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்கு ஆயாசமாக இருக்கும். உதவியாளர் அந்த ஒரு தேர்வை எழுதிக் கொடுப்பார். பையன் மறுநாள் மருந்துச் சீட்டையோ கடன் பத்திரத்தையோ யாரை வைத்து வாசிப்பான்?

பாடம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன், அப்போதுதான் பணம் எதற்கு என்று புரியும். அ, ஆ, இ என்று வரிசையாகப் போவதில்லை. ட, ப, ம மூன்றே எழுத்து. ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணல். எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் இழுக்க வேண்டும். வாய், காது, கண், விரல் நான்கும் சேர்ந்து வேலை செய்யும். பிறகு படம், மடம். அடுத்து சொல்லின் நடுவிலும் புள்ளி: பட்டம், மட்டம். 'ட்' வரும் இடத்தில் ஒரு தட்டு, மேசையில். தெரிந்த எழுத்துக்களால் ஆன சொல்லைத் தவிர வேறு எதையும் அவன் முன் வைப்பதில்லை, ஊகிக்க இடமே கொடுப்பதில்லை. நேற்றையது பிடிபட்டால்தான் இன்று புதிது. பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். ஒரு முறை சங்கத்து நண்பர் ஒருவர் வந்து அரை மணி உட்கார்ந்துவிட்டு, "இன்றைக்கு ஓர் எழுத்துதானா டீச்சர்?" என்று கேட்டார். ஓர் எழுத்துதான்.

பொருளாளரின் கணக்கு இதோ. நம் பக்கத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, கல்யாணமாகி வீட்டிலிருக்கும் பெண்கள் ஊருக்கு நாலு பேராவது உண்டு. ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து இதே வேலையைச் செய்துவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சென்னையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. இடம் தேட வேண்டாம், வாசகசாலையில் மாலையில் கேரம் போர்டைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை. பள்ளி விட்ட பிறகு 2 மணி நேரம்; அரை மணிக்கு ஒரு குழு, குழுவுக்கு 3 பேர். ஆக 12 பிள்ளைகள். வாரத்துக்கு 4 நாள், 8 மணி நேரம். அதற்குரிய சம்பளம், 2 வருடத்துக்கு. தேங்காய்க்குத் தினமும் விலை பேசுகிறவருக்கு மீதிப் பெருக்கலை நான் செய்துகாட்ட வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: தலைவர் ஜூலையில் மாறுவார், புதியவருக்கு வேறு திட்டம் பிடிக்கும். 2 வருடப் பணத்தையும் முதலிலேயே வங்கியில் தனியாகப் போட்டுவிடுங்கள். பாதியில் நின்றால், தொடங்காமல் இருந்ததைவிட மோசம்; அந்தப் பிள்ளை இன்னொரு முறை தோற்றதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

12 என்பது மேடையில் சொல்லச் சிறிய எண் என்று எனக்கும் தெரியும். பல நாட்டு ஆய்வுகள் நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகளுக்கு இது இருக்கலாம் என்கின்றன. நம் தாலுக்காவுக்கு 12 எந்த மூலைக்கு? ஆனால் பயிற்சி பெற்ற ஒரு பெண் ஊரிலேயே இருப்பாள். அவளைப் பார்த்துப் பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் கற்றுக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து இது இப்படித்தான் பரவுகிறது.

கேள்வியின் இரண்டாம் பாதி, எத்தனை பேருக்குச் சரியாகும் என்பது. என்னிடம் ஐந்தாம் வகுப்பில் வந்த ஒரு பையன் வேலந்தாவளம் பக்கம். தமிழ் போர்டும் வாசிக்கத் தெரியாது, மலையாள போர்டும் தெரியாது. பஸ்ஸை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டுபிடிப்பான். கிளி படம் போட்ட மஞ்சள் பஸ் என்றால் வீட்டுக்கு. யாருக்கும் தெரியாமல் மூன்று வருடம் அப்படியே ஓட்டிவிட்டான். 2018இல் கேரளத்தில் தனியார் பஸ்களுக்கு வகைக்கு ஒரே நிறம் என்று உத்தரவு வந்தது. கிளி போய், எல்லா பஸ்ஸும் நீலமாக வந்து நின்றன. ஒரு வியாழக்கிழமை அவன் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் போய் இறங்கி அழுதுகொண்டு நின்றபோதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. இரண்டரை வருடம் என்னிடம் மணலில் எழுதினான். இப்போது ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் படிக்கிறான். கதைப் புத்தகம் எடுக்க மாட்டான், வாட்ஸ்அப்பில் எழுதாமல் குரலில்தான் பேசுவான், படிக்க மற்றவர்களைவிட அதிக நேரம் எடுக்கும். போன ஓணத்துக்கு வந்திருந்தபோது கேட்டேன். போர்டை இரண்டு தடவை படித்த பிறகுதான் ஏறுகிறானாம்.